பத்துக்கு மூன்று

அறுபதுகளின் தொடக்கத்தில் புதுக்கோட்டையில் ஒரு டாக்டரிடம் நான் கம்பவுண்டராக இருந்தேன். மருந்து மிக்சர் கலக்குவது, ஊசிகளைக் கொதிக்க வைப்பது, புண்ணுக்கும் சுளுக்குக்கும் கட்டுப் போடுவது என் வேலை. சாயங்காலமானால் சம்பளமில்லாத இன்னொரு வேலையும் பார்த்தேன். ஊருக்கே நான்தான் கூடைப்பந்து நிபுணர். டாக்டரை விட எனக்கு மதிப்பு ஒரு படி கூடுதல் என்றுகூட மனசுக்குள் நினைத்ததுண்டு.

கோடை விடுமுறை விட்டதும் எங்கள் பக்கம் பந்தயங்கள் தொடங்கும். முதல் ஆட்டமே டவுன் அணிக்கும் ஆலங்குடி அணிக்கும்தான். இரண்டும் கீரியும் பாம்பும். ஆனால் யாருக்கு அடிபட்டாலும் எங்கள் டாக்டரிடம்தான் வருவார்கள், கட்டுவது நான். யாருடைய தோள் இறங்கியிருக்கிறது, யாருக்குக் கணுக்கால் மக்கர் செய்கிறது என்பதெல்லாம் எனக்கு அத்துப்படி.

பந்தயத்துக்கு ஒரு வாரம் முன்னால், திருக்கோகர்ணம் போகிற சாலையில் இருந்த வாடகை சைக்கிள் கடையின் கரும்பலகையில் இரண்டு அணிகளையும் ஒப்பிட்டு எழுதுவேன். ஆளுக்கு ஆள் மார்க் போடுவேன். எறிதல், எம்புதல், ஓட்டத்திலேயே சட்டென்று உடம்பைத் திருப்புகிற திருப்பம், மூச்சு என்று நாலு கட்டம், ஒவ்வொன்றுக்கும் பத்து மார்க். கூட்டம் கூடிப் படிக்கும். இரண்டு வருஷமாக நான் சொன்ன அணியே ஜெயித்ததால் எனக்குத் தலை கால் புரியவில்லை.

அந்த வருஷமும் எழுதினேன். டவுன் அணியில் கல்லூரி மாணவர்களும் ஆபீஸ் உத்தியோகஸ்தர்களும். கான்வாஸ் ஷூ போட்டுக்கொண்டு ஆடுவார்கள். பந்து யார் கையில் இருக்கிறது என்று நாம் தேடுவதற்குள் வளையத்துக்குள் விழுந்திருக்கும். ஆனால் இரண்டாவது பாதியில் நாக்குத் தள்ளிவிடும். ஆலங்குடிக்காரர்கள் தோப்பிலும் கடலை மண்டியிலும் உழைக்கிறவர்கள், பாதிப்பேர் வெறுங்கால். பந்தைக் கை மாற்றுவது சுமார்தான். களைப்பு என்றால் என்னவென்று கேட்பார்கள். அவர்களுடைய பலமெல்லாம் ஒரே ஆளிடம் இருந்தது. கடலை மண்டியில் மூட்டை தூக்குகிற, ஆறடிக்கு மேல் வளர்ந்த ஓர் இளைஞர். வளையத்தில் பட்டுத் திரும்புகிற பந்தெல்லாம் அவர் கைக்குத்தான் போகும்.

அவர் இரண்டு மாதம் முன்பு, ஆளில்லாத மத்தியான நேரம் பார்த்து டாக்டரிடம் வந்திருந்தார். இடது முழங்காலில் சில்லு அடிக்கடி இடம் நகர்ந்துகொண்டிருந்தது. ஆடாமல் ஓய்வெடுக்கச் சொன்னார் டாக்டர். நான் கட்டுப் போடும்போது அவர் மெதுவாகச் சொன்னார்:

"அண்ணே, கோயமுத்தூர் மில்லுலேருந்து ஆட்டம் பாக்க வாராக. டீமுக்கு எடுத்துக்கிட்டா மில்லுலயே வேலை. முட்டிக் கோளாறுன்னு வெளியில தெரிஞ்சா போச்சு. என் பொழப்பு ஒங்க வாயிலதான் இருக்கு."

"என் வாயில பூட்டுப் போட்டாச்சு தம்பி" என்றேன். சத்தியமாக, பூட்டித்தான் வைத்திருந்தேன். கரும்பலகையில் முழங்கால் என்று ஓர் எழுத்துக்கூட எழுதவில்லை. ஆனால் நிபுணர் இல்லையா? மார்க்கில் பொய் சொல்ல மனசு வரவில்லை. எறிதலுக்கு எட்டு, எம்புதலுக்கு ஒன்பது, மூச்சுக்குப் பத்து போட்டவன், திருப்பத்துக்கு மட்டும் மூன்று போட்டேன். அடியில் 'டவுன் அணிக்கே வெற்றி' என்று எழுதிக் கோடும் இழுத்தேன்.

"என்னண்ணே, இதுக்கு மட்டும் மூணா?" என்று யாரோ கேட்டார்கள். "காரணம் இல்லாம போடுவேனா?" என்று சிரித்துக்கொண்டே சாக்பீஸ் தூசியைத் தட்டினேன். நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். நான் வாயைத் திறக்காமலே கெடுத்தேன்.

மறுநாள் காலையில் டவுன் அணியின் கேப்டன் டிஸ்பென்சரிக்கு வந்தார். அவருக்கு உடம்புக்கு ஒன்றும் இல்லை.

"முட்டிக் கோளாறுதானேண்ணே? கம்பவுண்டரு திருப்பத்துக்குக் கொறச்சாருன்னா முட்டியாத்தான் இருக்கும்."

"நான் அப்படி ஒண்ணும் சொல்லலையே" என்றேன்.

"நீங்க ஒண்ணும் சொல்ல வேணாம். எந்த முட்டின்னு ஆட்டத்தன்னிக்கிக் கட்டைப் பாத்தாத் தெரிஞ்சிரும். எங்காளு ஒருத்தன்கிட்ட சொல்லிட்டேன், பந்தைப் பாக்காத, முட்டியப் பாருன்னு."

அவர் போன பிறகு, கலக்கிக்கொண்டிருந்த மிக்சரை அப்படியே வைத்தேன். ஓட்டமாகப் போய் ஈரத்துணியால் பலகையைத் துடைத்தேன். "எதுக்குத் தொடைக்கிறீங்க, ஊரே மனப்பாடம் பண்ணிருச்சு" என்றார் சைக்கிள் கடைக்காரர் பெருமையாக.

பிறகு வந்த நாட்களில் சோறு இறங்கவில்லை. கண்ணை மூடினால் அந்த முழங்கால்தான். அது ஒடிகிற சத்தம்கூடக் கேட்டது. மூட்டை தூக்குகிறவனுக்குக் கால் போனால் மில்லு மட்டுமல்ல, மண்டியும் கிடையாது. என் மனைவியிடம் சொன்னேன்.

"போய் அந்தப் புள்ளைக்கிட்டச் சொல்லிருங்க. அடிச்சா வாங்கிக்கிட்டு வாங்க" என்றாள்.

பஸ் ஏறி ஆலங்குடி போனேன். கடலை மண்டி வாசலில் நின்று பார்த்தேன். தலைக்கு மேலே மூட்டையோடு, இடது காலைப் பதனமாக ஊன்றி ஊன்றி நடந்து போனார். என்னைப் பார்க்கவில்லை. ஒரு கூப்பிடு தூரம்தான். கூப்பிட வாய் வரவில்லை. அடுத்த பஸ்ஸிலேயே திரும்பிவிட்டேன். மனைவியிடம், ஆளைப் பார்க்க முடியவில்லை என்று பொய் சொன்னேன். அவள் நம்பவில்லை என்பது அவள் சோறு போட்ட விதத்திலேயே தெரிந்தது.

ஆட்டத்தன்று செம்மண் தரைக்குத் தண்ணீர் தெளித்துச் சுண்ணாம்புக் கோடு போட்டிருந்தார்கள். கோட்டைச் சுற்றிலும் தலைகள். மில்லிலிருந்து வந்தவர் வெள்ளைச் சட்டையில் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். அணிக்காரர்கள் உடை மாற்றுகிற தட்டிக்குப் பின்னால், அந்த உயரக்காரர் கட்டுத்துணியோடு எனக்காகக் காத்திருந்தார். அவர் காலை நீட்டியதும் இனி மறைக்க முடியாது என்று ஆகிவிட்டது.

"தம்பி, இதைக் கட்டிக்கிட்டுப் போகாதே. ஒருத்தன் ஒன் முட்டியக் குறிவச்சு வரப்போறான். காரணம் நான்தான்" என்று எல்லாவற்றையும் சொல்லி முடித்தேன்.

என் நெஞ்சுச் சட்டையைக் கொத்தாகப் பிடித்தார். அவருடைய மூச்சு என் முகத்தில் பட்டது. அடித்திருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும். பிடித்த கையை எடுத்துவிட்டு, "ஆடாமப் போனா மில்லும் இல்ல" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். பிறகு கேட்டார்:

"நீங்க கட்டுனா நம்புவாகள்ல?"

"நம்புவாங்க."

"அப்ப வெளிய வாங்க. எல்லாரும் பாக்க வலது கால்ல கட்டுங்க."

"இடது கால்ல கட்டு இல்லாம ஆடுனா சில்லு நகந்துரும் தம்பி!"

"நகந்தா தள்ளி வச்சுக்கிருவேன். அவன் மிதிச்சா ஒடைஞ்சுல்ல போகும்?"

"மில்லுக்காரரு கேட்டா?"

"அவுத்துக் காட்டுறேன். நல்ல காலுதானே."

ஊர் பார்க்க, கோட்டோரம் மண்டி போட்டு உட்கார்ந்து, ஒரு குறையும் இல்லாத காலுக்கு நான் கட்டுப் போட்டேன். என் வாழ்க்கையில் அவ்வளவு நேர்த்தியாக வேறு கட்டுப் போட்டதில்லை. டவுன் கேப்டன் எதிர்ப்பக்கத்திலிருந்து பார்த்துவிட்டு, தன் ஆள் ஒருவரின் காதில் ஏதோ சொன்னார்.

ஆட்டம் தொடங்கியது. யார் எத்தனை பந்து போட்டார்கள் என்று கேட்டால் எனக்குத் தெரியாது. கட்டில்லாத இடது முழங்காலைத் தவிர வேறு எதையும் நான் பார்க்கவில்லை. அவர் ஒவ்வொரு தடவை எம்பும்போதும் நான் மூச்சைப் பிடித்துக்கொண்டேன், தரையில் ஊன்றியதும் விட்டேன். ஒருமுறை சட்டென்று திரும்பியவர் முகம் சுளித்து அப்படியே நின்றார். நகர்ந்துவிட்டது, எனக்குத் தெரிந்தது. வியர்வை துடைப்பதுபோலக் குனிந்து உள்ளங்கையால் ஒரு தள்ளுத் தள்ளிவிட்டு மறுபடியும் ஓடினார்.

இரண்டாவது பாதியில் அது நடந்தது. பந்துக்காக எல்லோரும் எம்பிய சமயம், அந்த ஆள் பந்தை நிமிர்ந்துகூடப் பார்க்காமல் கட்டுப் போட்ட வலது காலில் முட்டியால் ஓங்கி இடித்தார். உயரக்காரர் மரம் சாய்வதுபோல விழுந்தார். நான் மருந்துப் பெட்டியோடு ஓடினேன். கட்டை அவிழ்க்கும்போது அவர் பல்லைக் கடித்துக்கொண்டு, "பயப்படாதீங்கண்ணே. வலிதான், வேற ஒண்ணுமில்ல" என்றார். பயந்துபோயிருந்த எனக்கு, அடிபட்டவர் ஆறுதல் சொன்னார். நொண்டிக்கொண்டே கடைசிவரை ஆடினார்.

இரண்டு புள்ளி வித்தியாசத்தில் டவுன் அணி ஜெயித்தது. "கம்பவுண்டர் போட்டா போட்டதுதான்!" என்று என் முதுகில் தட்டினார்கள். ஒவ்வொரு தட்டும் ஓர் அறை மாதிரி இருந்தது. யாரோ மில்லுக்காரரை என்னிடம் அழைத்து வந்துவிட்டார்கள்.

"நீங்கதானா அந்த மார்க் போட்டவர்? அந்த உயரமான ஆளுக்குத் திருப்பத்துக்கு மூணுன்னு போட்டீங்களாமே, ஏன்?"

சுற்றிலும் இருந்தவர்கள் நான் என்ன சொல்லப்போகிறேன் என்று காத்திருந்தார்கள். கூட்டத்துக்குப் பின்னால் அந்த உயரக்காரரும் நின்றுகொண்டிருந்தார். அவருக்கு முகம் வெளுத்துவிட்டது.

"தப்பாப் போட்டுட்டேங்க. எனக்கு அவ்வளவா ஆட்டம் தெரியாது. அவரு திரும்புனத நீங்களே பாத்தீங்களே" என்றேன்.

கூட்டம் கொல்லென்று சிரித்தது. சைக்கிள் கடைக்காரர் தலையில் அடித்துக்கொண்டார். மில்லுக்காரர் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டுப் போய்விட்டார்.

ஒரு மாதம் கழித்து, மில்லில் வேலைக்குச் சேரக் கோயமுத்தூர் கிளம்புகிற அன்று, கையில் தகரப்பெட்டியோடு உயரக்காரர் டிஸ்பென்சரிக்கு வந்தார். பெஞ்சில் உட்கார்ந்து இடது காலை நீட்டினார். "பயணம் தூரம்ணே, இறுக்கிக் கட்டிவிடுங்க" என்றார். மன்னித்தேன் என்று சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. மண்டி போட்டு உட்கார்ந்து கட்டினேன். கண்ணைக் கண்ணீர் மறைத்ததால் முடிச்சை இரண்டு முறை போட வேண்டியிருந்தது.

அதற்குப் பிறகு நான் எவருக்கும் மார்க் போட்டதில்லை. இன்றைக்கும் யாராவது என்னை நம்பித் தன் வலியைச் சொன்னால் எனக்கு முதலில் வருவது இரக்கமல்ல, பயம்தான். அந்தப் பயம் என்னை விட்டுப் போகாமல் இருப்பதே நல்லது என்று நினைக்கிறேன்.