முதல் வரிக்கு ஒரு ஓட்டு

மாதத்தின் கடைசி ஞாயிறு மதியம், குற்றாலத்தில் ஓய்வுபெற்ற தலைமையாசிரியை வீட்டில் ஐந்து பேர் கூடிப் பொய் எழுதுவோம்: அவர், ஒரு மருந்துக்கடைக்காரர், நான், என் மனைவி, அவள் தம்பி. ஒருவர் யாரும் படிக்காத பழைய நாவலைக் கொண்டுவந்து பின்னட்டையை வாசிப்பார். மற்ற நால்வரும் அதன் முதல் வரியைக் கற்பனையாகச் சீட்டில் எழுதித் தருவோம். அசல் வரியையும் கலந்து வாசித்ததும், எது அசல் என்று ஓட்டுப் போட வேண்டும். நம் பொய்க்கு விழும் ஓட்டு நமக்கு மதிப்பெண்.

ஏழு மாதமாக எனக்கு ஒரு ஓட்டும் விழவில்லை. தாலுகா அலுவலகத்தில் முப்பத்தாறு ஆண்டு எழுதிய கை. ஊரும் நான்கெல்லையும் சொல்லாமல் அதற்கு ஒரு வாக்கியம் தொடங்க வராது.

"அண்ணாச்சி வரியக் கேட்டா பட்டாவுக்கு மனு குடுக்க வந்த மாதிரி இருக்கு," என்றார் தலைமையாசிரியை. "அடுத்த தடவையும் ஓட்டு விழலன்னா நீங்க எழுத வேண்டாம். சீட்ட மட்டும் வாங்கி அடுக்குங்க."

சீட்டு அடுக்கவா ஓய்வு பெற்றேன்? அந்த மாதம் முழுவதும் தென்காசி நூலகத்தில் உட்கார்ந்து முதல் வரிகளை மட்டும் படித்தேன். ஒரு மணி நேரத்தில் பதினைந்து நாவல் முடிக்கும் ஆளை நூலகர் சந்தேகமாகப் பார்த்தார். எனக்கு விளங்கியது ஒன்றுதான்: எழுத்தாளர்கள் வேண்டுமென்றே தகவலை மறைக்கிறார்கள். எங்கள் அலுவலகத்தில் இதற்கு விளக்கம் கேட்போம்.

அந்த ஞாயிறு மருந்துக்கடைக்காரரின் முறை. வீட்டைவிட்டுப் போன ஒரு பெண்ணின் கதை. 'அவள் திரும்பி வந்தபோது நாய் மட்டும் குரைக்கவில்லை' என்று எழுதினேன். எந்த ஊர், யார் வீட்டு நாய், எதுவும் சொல்லவில்லை. கை கூசியது.

அவர் மூன்றாவதாக வாசித்தது: 'வடக்கே வாய்க்காலும் தெற்கே கோயில் நிலமும் எல்லையாகக் கொண்டு அந்த வீடு அமைந்திருந்தது.'

எல்லோரும் என்னைப் பார்த்துச் சிரித்தார்கள்.

"சர்வே நம்பர விட்டுட்டியளே அத்தான்," என்றான் மைத்துனன்.

"இவுக திருந்த மாட்டாக," என்றாள் மனைவி.

அது நான் எழுதாத வரி. நாவலாசிரியரும் தாலுகா அலுவலகத்தில் இருந்திருக்க வேண்டும். தணிக்கைக்காரர் முன் உட்காரும் முகத்தோடு உட்கார்ந்திருந்தேன். எழுதிய மற்ற மூவர் ஓட்டும் என் நாய்க்கு விழுந்தன. ஜெயித்தது என் உழைப்பா, என் கெட்ட பெயரா என்று நான் விசாரிக்கவில்லை.

"சரி அண்ணாச்சி, நீங்களே எழுதுங்க. சொன்னத வாபஸ் வாங்கிக்கிடுதேன்," என்றார் தலைமையாசிரியை.

"வாய்மொழியாச் சொன்னா செல்லாது டீச்சர். எழுத்துல குடுங்க."

முறைத்துக்கொண்டே ஒரு சீட்டில் எழுதித் தந்தார். இடப்பக்கம் ஓரம் விடவில்லை. திருப்பிக் கொடுத்தேன்.