கட்டி பட்டினி கிடக்காது

போன சனிக்கிழமை பொன்னேரியிலிருந்து கும்மிடிப்பூண்டிக்கு பஸ்ஸில் வந்துகொண்டிருந்தேன். எனக்கு முன் சீட்டில் ஒரு பெரியவர். அவருக்குப் பக்கவாட்டில் ஒரு பெண் – மடியில் ஆஸ்பத்திரிக் காகிதங்கள். புருஷனுக்கு வயிற்றில் கான்சராம். பெரியவர் அவளுக்கு வைத்தியம் சொல்லிக்கொண்டு வந்தார். இலவசமாக!

"முட்டை, மீனு, பாலு... ஒண்ணும் கண்ல காட்டாத. நாம துன்றதுதான் அதுக்குத் தீனி. தீனிய நிறுத்து, கட்டி தானா காஞ்சு பூடும்."

அந்தக் குரல் எனக்குத் தெரியும். ஏகாம்பரம்! ஏழு வருஷமாகியும் ஒரு வார்த்தைகூட மாறவில்லை.

எட்டி அந்தப் பெண்ணின் தோளைத் தொட்டேன். "இவர் பேச்சைக் கேக்காதம்மா. என்ன சாப்பிடலாம்னு ஆஸ்பத்திரியிலயே கேளு."

ஏகாம்பரம் திரும்பிப் பார்த்தார். "டீச்சர், நீங்க புள்ளைங்களுக்குக் கணக்கு சொல்லிக் குடுங்க. இது வேற விசயம்."

அந்தப் பெண் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். அவரிடம் வெள்ளைச் சட்டை, மூக்குக் கண்ணாடி, கனத்த குரல். என்னிடம் ஒரு காய்கறிப் பை. அடுத்த ஸ்டாப்பில் இறங்கிப் போய்விட்டாள். யார் பேச்சை எடுத்துக்கொண்டு போனாளோ?

அவளிடம் சொல்ல முடியாமல் போனதை இங்கே சொல்லிவிடுகிறேன்.

ஏகாம்பரத்தின் தம்பி முனுசாமி எங்கள் பக்கத்து வீட்டுக்காரர். இரும்புப் பட்டறை ஒன்றில் லேத் ஓட்டியவர். வாசலில் நின்றால் கதவே தெரியாது – அப்படி ஒரு உடம்பு. அறுபத்தெட்டாம் வருஷம் ஒரு நாள், தொண்டையில் மீன் முள் சிக்கிய மாதிரி இருக்கிறது என்றார். முள் இறங்கவே இல்லை. மெட்ராஸ் ஆஸ்பத்திரியில் பார்த்துவிட்டு கான்சர் என்றார்கள். ஆறு வாரம் 'கரண்ட்' வைக்க வேண்டும். கதிர் வைத்தியத்துக்கு எங்கள் பக்கத்தில் அதுதான் பெயர். தினமும் காலை ரயிலில் போய் கரண்ட் வைத்துக்கொண்டு, மத்தியானம் திரும்பி வருவார்.

நோயின் பெயர் தெரிந்த மறுநாளே டாக்டர்கள் வந்து குவிந்துவிட்டார்கள். மெட்ராஸ் டாக்டர்கள் இல்லை, சொந்தக்கார டாக்டர்கள்! முட்டை சூடு என்றார் ஒருவர். பால் சளி என்றார் இன்னொருவர். தயிர் குளிர்ச்சி. மீன் கவுச்சி, ரணம் ஆறாது. மிச்சம் இருந்தது தண்ணீர் மட்டும்தான். அதையும் சும்மா விட்டார்களா? கொதிக்க வைத்து ஆற்றி, அளந்து கொடுக்கச் சொன்னார்கள்.

தலைமை டாக்டர், அண்ணன் ஏகாம்பரம். ரயில்வே கூட்ஸ் ஆபீஸில் குமாஸ்தா. ஏதோ பத்திரிகையில் அரைப் பக்கம் படித்திருந்தார். அந்த அரைப் பக்கம் போதாதா? கட்டியைப் பட்டினி போட்டால் கட்டி செத்துவிடும் என்று தீர்ப்பு எழுதிவிட்டார். மூன்று வேளையும் ஆரோரூட் கஞ்சி, அரை டம்ளர். வேறு எதுவும் கூடாது.

நானும் தலையாட்டினேன். அதை மறைப்பானேன்? தண்ணீர் ஊற்றாவிட்டால் செடி காயாதா என்று எனக்கும் நியாயமாகத்தான் பட்டது. ஆரோரூட் மாவு ஒரு டப்பா வாங்கிக் கொடுத்துப் புண்ணியம் வேறு தேடிக்கொண்டேன்.

முனுசாமியின் மனைவி காசியம்மா பழவேற்காட்டுப் பக்கம் குப்பத்தில் பிறந்தவள். மீன் இல்லாமல் சோறு இறங்காது அவளுக்கு. புருஷனுக்காக அவளும் மீனை விட்டுவிட்டாள்.

மூன்றாவது வாரம் முனுசாமியின் சட்டை அவர் மேல் தொங்கியது. ரயில் படி ஏற இரண்டு பேர் தாங்க வேண்டியிருந்தது. ஒரு நாள் வேலியோரம் நின்றுகொண்டு என்னிடம் கேட்டார்:

"டீச்சர், உங்க ஊட்ல இன்னா கொழம்பு? வாசனை வருதே..."

"பத்தியம் முடியட்டும், தரேன்" என்றேன். தெரியாமல் ஒன்றும் சொல்லவில்லை. அந்தக் கண்களைப் பார்த்துக்கொண்டேதான் சொன்னேன்.

அப்போது கால் பரீட்சை லீவு. ஆஸ்பத்திரிக் காகிதம் படித்துச் சொல்லத் துணைக்கு வரச் சொன்னாள் காசியம்மா. போனேன். ஏகாம்பரமும் வந்தார். ஆஸ்பத்திரியில் எடை பார்த்தார்கள். மூன்று வாரத்தில் ஏழு கிலோ போயிருந்தது. டாக்டர் சீட்டைப் பார்த்தார், ஆளைப் பார்த்தார்.

"இப்படியே இளைச்சா கரண்ட்டை நிறுத்த வேண்டியதுதான். கட்டிக்கு முன்னாடி ஆள் போயிடுவாரு."

சாப்பாட்டு விஷயம் பார்க்கிற ஒரு சிஸ்டரிடம் எங்களை அனுப்பினார். அந்த அம்மாள் தையல்காரர் டேப் ஒன்றை எடுத்து முனுசாமியின் மேல்கையைச் சுற்றி அளந்தார். தோலைக் கிள்ளி இழுத்துப் பார்த்தார்.

"என்ன வேலை பாக்கறாரு?"

"லேத்து ஓட்றாரு" என்றாள் காசியம்மா.

"இந்தக் கையாலயா?"

ஏகாம்பரம் பேசினார். வேறு யார் பேசுவார்கள்?

"கைய உடுங்க சிஸ்டர். காலப் பாருங்க, எப்படி சதை போட்டுக்கினு கீது! கட்டிதான் எளைக்குது. நம்ம பத்தியம் வேலை செய்யுது."

கால் புஷ்டியாகத்தான் இருந்தது. சிஸ்டர் குனிந்து, கணுக்காலுக்கு மேலே கட்டைவிரலை வைத்து அழுத்தினார். விரலை எடுத்தார். அங்கே ஒரு குழி. நாங்கள் பார்த்துக்கொண்டே இருந்தோம். குழி மூடவில்லை.

"இது சதை இல்ல, தண்ணி. சாப்பாட்டுல சத்து இல்லாம கால்ல நீர் கோத்திருக்கு. அந்தத் தண்ணியையும் சேத்துதான் எடை போட்டிருக்கோம். அப்போ நிஜமா எவ்வளவு போயிருக்கும்? நீங்களே பாத்துக்குங்க."

பிறகு காசியம்மா பக்கம் திரும்பினார். "கட்டி பட்டினி கிடக்காதும்மா. அது முதல் பந்தியிலயே உக்காந்துக்கும். வெளியேருந்து வரலைன்னா இவரோட கைச்சதை, தொடைச்சதையை எடுத்துத் தின்னும். பட்டினி கிடக்கிறது உன் புருஷன் மட்டுந்தான்."

காசியம்மா அழுவாள் என்று நினைத்தேன். அழவில்லை. ஒரே ஒரு கேள்வி கேட்டாள்.

"மீனு குடுக்கலாமா?"

"குடு. முள்ளெடுத்து, காரமில்லாம, நல்லா மசிச்சுக் குடு. முட்டை குடு, பால் குடு. கொஞ்சங் கொஞ்சமா, நாளைக்குப் பத்து தடவை குடு."

திரும்பி வரும்போது ரயிலில் ஏகாம்பரம் ஒரு பிரசங்கம் செய்தார். "இவங்கல்லாம் இங்கிலீஷ் படிப்பு. நம்ம ஒடம்பப் பத்தி இன்னா தெரியும்?" மீஞ்சூர் வரை பேசினார். கேட்க ஆளில்லாமல் தூங்கிப்போனார்.

மறுநாள் காலை காசியம்மாவின் அண்ணன் சைக்கிளில் கிழங்கான் மீன் கொண்டுவந்தார். பஞ்சு மாதிரி இருக்கும் மீன் அது. அவித்து, முள் எடுத்து, குழைந்த சோற்றில் பிசைந்து கொடுத்தாள். உடனே கிடுகிடுவென்று சாப்பிட்டுவிட்டார் என்று நினைக்காதீர்கள். கரண்ட் வைத்த தொண்டை, உள்ளே முழுக்க ரணம். ஒரு கரண்டி இறங்கக் கால் மணி நேரம். கண்ணில் நீர் வழிய வழிய விழுங்கினார். பாதி வெளியே வந்தது. காசியம்மா துடைத்துவிட்டு அடுத்த கரண்டியை நீட்டினாள்.

"இன்னாய்யா, இரும்பையே சீவின ஆளு நீ. இத்த முழுங்க மாட்டியா?"

சொந்தக்காரர்கள் வருவதை நிறுத்தினார்கள். 'மீனப் போட்டுக் கொல்லப் போறா' என்று தெருவெல்லாம் பேச்சு. ஏகாம்பரம் ஒரு நாள் வாசல்வரை வந்து, மூக்கைப் பிடித்துக்கொண்டு போனார். ஒருவர்கூட அந்தச் சோற்றுக் கிண்ணத்தை அரை மணி நேரம் பிடித்துக்கொண்டதில்லை. பேசுவதற்கு மட்டும் எல்லோருக்கும் நேரம் இருந்தது. நானா? பாவத்தைக் கழிக்க தினமும் இரண்டு முட்டை கொண்டுபோய்க் கொடுத்தேன்.

இளைப்பது நின்றது. கால் வீக்கம் வடிந்தது. பாக்கி கரண்ட்டையும் முழுசாக வைத்து முடித்தார்கள்.

அப்படியானால் கான்சரைக் குணமாக்கியது மீனா? இல்லை. அப்படி எழுதினால் நானும் ஏகாம்பரம் ஆகிவிடுவேன். வைத்தியம் டாக்டர்கள் செய்தது. அதைத் தாங்க ஒரு உடம்பு வேண்டாமா? அந்த உடம்பைக் காசியம்மா கொடுத்தாள்.

மூன்று வருஷம் முனுசாமி பட்டறைக்குப் போய்வந்தார். பிறகு நோய் திரும்பி வந்தது. இந்த முறை எதற்கும் அடங்கவில்லை. போய்ச் சேர்ந்தார்.

சாவு வீட்டில் ஏகாம்பரம் நடுநாயகமாக உட்கார்ந்திருந்தார்.

"அன்னிக்கே நான் சொன்ன பத்தியத்துல இருந்திருந்தா இன்னிக்கு உசுரோட இருப்பான் எந்தம்பி. மீனப் போட்டே முடிச்சுட்டாங்க."

சுற்றியிருந்தவர்கள் தலையாட்டினார்கள். தலையாட்ட என்ன செலவு?

காசியம்மா உள்ளேயிருந்து எழுந்து வந்தாள். தலை கலைந்திருந்தது. குரல் கலையவில்லை.

"மாமா, உங்க பத்தியத்துல மூணு வாரம் இருந்தாரு, ரயிலு ஏற முடியல. என் சோத்துல மூணு வருசம் இருந்தாரு, மிஷின் ஓட்டினாரு. அந்த ஆள நான் பசியோட அனுப்பல. எனக்கு அது போதும். நீங்க வெளிய போயிக் குந்துங்க."

அவர் போனார். எனக்குத் தெரிந்து அவர் பதில் சொல்லாமல் எழுந்தது அந்த ஒரு தடவைதான்.

நோயாளியைப் பார்க்கப் போகிறீர்களா? நாலு முட்டை எடுத்துக்கொண்டு போங்கள். யோசனை அந்த வீட்டில் ஏற்கெனவே மூட்டைக் கணக்கில் கிடக்கும்.