ராகு காலத்தில் நிற்கும் மெயில்

வில்லியனூர் கடைத்தெருவில் மோட்டார் பம்பு விற்கும் கம்பெனி ஒன்றில் மெயில் சர்வரைப் பார்த்துக்கொள்வது என் வேலை. யார் எப்போது அனுப்பினார்கள், அது போய்ச் சேர்ந்ததா என்பதெல்லாம் லாக் என்னும் பதிவேட்டில் வரிவரியாக ஏறும். அதைத் திறக்கும் பாஸ்வேர்டு என்னிடம் மட்டும்தான் உண்டு. அதனால் எனக்குக் கொஞ்சம் தலைக்கனமும் உண்டு.

ராகு காலத்தில் விலை சொல்லும் கொட்டேஷன் எதுவும் வெளியே போகக் கூடாது என்பது முதலாளியின் கட்டளை. ஊழியர்களிடம் சொல்லிச் சொல்லி அலுத்துப்போய் ஒருநாள் என்னிடம் வந்தார்.

"மிஷினே நிறுத்தி வச்சி அப்பறமா அனுப்பற மாதிரி பண்ணுபா. யார்கிட்டயும் சொல்லாத, சிரிப்பானுங்க."

செய்து கொடுத்தேன். ராகு காலம் தொடங்கினால் கொட்டேஷன் மெயில்கள் சர்வரிலேயே நின்றுவிடும், முடிந்ததும் கிளம்பும். அனுப்பியவர் திரையில் மட்டும் போய்விட்டதாகவே காட்டும்.

ஒரு புதன்கிழமை மதியம் ஒரு மணிக்குள் வெளியூர் கம்பெனி ஒன்றின் பெரிய ஆர்டருக்குக் கொட்டேஷன் போயாக வேண்டும். அனுப்பியவள் கிருமாம்பாக்கத்திலிருந்து பஸ்ஸில் வரும் பெண். வேலைக்குச் சேர்ந்து மூன்று மாதம்தான். மறுநாள் காலை அந்த வெளியூர் கம்பெனியிலிருந்து, உங்களுடையது வரவேயில்லை என்று போன் வந்தது. முதலாளி எல்லார் முன்னாலும் அவளைத் திட்டித் தீர்த்தார். நாளையிலிருந்து வராதே என்றும் சொல்லிவிட்டார்.

அழுதுகொண்டே என் மேஜைக்கு வந்தாள்.

"பன்னண்டுக்கு முன்னாடியே அனுப்பிட்டேண்ணா, சத்தியமா. எங்க வூட்ல நான் ஒருத்திதாண்ணா வேலைக்குப் போறேன்."

சுவரிலிருந்த காலண்டரைப் பார்த்தேன். புதன்கிழமை ராகு காலம் பன்னிரண்டிலிருந்து ஒன்றரை வரை. படங்களெல்லாம் சேர்த்த கனமான மெயில், மெதுவாகத்தான் நகரும். பன்னிரண்டைத் தொட்டிருந்தால் என் ஏற்பாடு அதைப் பிடித்து வைத்திருக்கும், கெடுவும் தாண்டியிருக்கும். அப்படியென்றால் தப்பு அவளுடையதல்ல, என்னுடையது.

லாகைத் திறந்தேன். அவள் கம்ப்யூட்டரிலிருந்து கிளம்பிய நேரம் பதினொன்று ஐம்பத்தெட்டு. அந்த வெளியூர் கம்பெனியின் சர்வர் பெற்றுக்கொண்டதாக ஒரு எண்ணோடு பதில் அனுப்பிய நேரம் பதினொன்று ஐம்பத்தொன்பது, நாற்பத்தாறு விநாடி. ராகு காலத்துக்குப் பதினான்கு விநாடி மிச்சம். அப்பாடா என்று நாற்காலியில் சாய்ந்தேன்.

அந்த எண்ணை போனில் சொன்னதும் அங்கே தேடினார்கள்.

"ஸ்பேம்ல கெடக்குது சார். நேரத்துக்குத்தான் வந்திருக்கு, எடுத்துக்கறோம்."

முதலாளிக்கு வாயெல்லாம் பல். "பாத்தியா, ராகு காலத்துக்கு முன்னாடி போனதாலதான் தப்பிச்சுது" என்றார். அவளைப் பார்த்து, "நீ போய் வேலையப் பாருமா" என்றார். மன்னிப்பெல்லாம் அவருக்கு வராது.

அன்று சாயங்காலமே யாரையும் கேட்காமல் அந்த ஏற்பாட்டை எடுத்துவிட்டேன். பஸ்ஸுக்குக் கிளம்பிய பெண் என் மேஜையருகே நின்றாள்.

"நீங்க இல்லன்னா அவ்ளோதாண்ணா நானு."

எனக்கும் பெரிய நிம்மதிதான். ஆனால் லாகைத் திறப்பதற்கு முன்னால், மெயில் நின்றிருந்தால் அந்த வரியை யாருக்கும் தெரியாமல் அழித்துவிடலாமா என்று நான் யோசித்ததை அவளிடம் சொல்லவில்லை.