தீர்ந்துபோன வஞ்சிரம்

கல்மண்டபம் சாப்பாட்டுக் கடையில் பரிமாறிப் பரிமாறியே சுயம்புவுக்குத் தலை நரைத்துவிட்டது. தெற்கேயிருந்து வெறுங்கையோடு வந்தவரைச் சேர்த்துக்கொண்டவர் முதலாளி ஞானபாக்கியம். சுயம்புவின் மகள் கல்யாணத்தில் முன்னால் நின்றதும் அந்த அக்காதான்.

அப்படிப்பட்டவரிடம் ஒரு பழக்கம் இருந்தது. மிஞ்சிய வஞ்சிரம் சில நாள் ஐஸில் கிடந்து, மசாலாவைக் கூடுதலாகப் பூசிக்கொண்டு, இன்று காலை வந்த மீன் என்ற பெயரில் கல்லில் விழும். அன்றைக்குத் தெரிந்த முகம் வந்தால், வஞ்சிரம் தீர்ந்துபோச்சு என்பார் சுயம்பு. தெரியாத முகமென்றால் பேசாமல் வைத்துவிடுவார். மனுஷன் பாவபுண்ணியம்கூட ஆள் பார்த்துத்தான் பார்த்தார். அக்காவுக்குச் செய்வது துரோகமா, வாடிக்கைக்காரருக்குச் செய்வது உபகாரமா என்று அவருக்கே பிடிபட்டதில்லை.

போன செவ்வாய்க்கிழமை மாட்டிக்கொண்டார். பக்கத்தில் லாரி உதிரிபாகக் கடை வைத்திருக்கும் அலி அக்பர் பாய், மீன் தீர்ந்துவிட்டது என்றதும் முட்டையோடு சாப்பிட உட்கார்ந்தார். சற்று நேரத்தில் அடுத்த மேசையில் ஒரு கன்டெய்னர் டிரைவருக்குச் சுயம்பு வஞ்சிரம் வைப்பதைப் பார்த்துவிட்டார்.

"இன்னா சுயம்பு, எனுக்கு இல்லாத மீனு அவருக்கு மட்டும் எங்கேந்து வந்துச்சு? இத்தினி வருசமா வந்துகினு கீறேன். நான்னா அவ்ளோ இளக்காரமா?"

கல்லாவிலிருந்து ஞானபாக்கியம் எழுந்து வந்து, ஏன் இல்லையென்று சொன்னாய் என்று கேட்டார். உண்மையைச் சொன்னால் கடையின் மானம் கப்பலேறும், வேலையும் போகும். சொல்லாவிட்டால் பாய் இனி மூஞ்சியில் விழிக்கமாட்டார்.  மறந்துபோய்ச் சொல்லிவிட்டேன் என்று சுயம்பு முணுமுணுத்தார்.

"பாய்க்கு ரெண்டா வை" என்றார் அக்கா.

வைத்தார்.  பாய் மனம் குளிர்ந்து பிட்டுத் தின்றார். ஞானபாக்கியமும் ஒரு தட்டை இழுத்துப்போட்டுக்கொண்டு அதே மீனை ருசித்துச் சாப்பிட்டார். சுயம்புவுக்கு இப்போது ஒன்றுமே விளங்கவில்லை. அக்கா தெரிந்தே தின்கிறாரா? மீன் நன்றாகத்தான் இருக்கிறதா? இத்தனை வருஷமும் தன் மூக்குதான் பொய் சொன்னதா?

"நீயும் ஒரு துண்டு எடுத்துக்கோ, சுயம்பு."

"வேண்டாங்க்கா. வயிறு சரியில்ல."

பாயின் கை இலைமேல் நின்றது. நிமிர்ந்து சுயம்புவையே பார்த்தார். அந்தப் பார்வை நன்றியா, காறித் துப்பலா என்று தெரியாமல் சுயம்பு தவித்தார்.

அடுத்த மேசையில் டிரைவர் இன்னொரு துண்டு கேட்டார்.