முனியாண்டிக்கு என் மச்சானின் கண்

தனேஸ்வரனைப் பற்றி நல்லவிதமாகக் கேட்க வேண்டுமென்றால் வேறு ஆளைப் பார்க்கவும். அவன் என் அக்காள் விமலாவின் புருஷன். ஈப்போவில், ஜெலாப்பாங் பக்கம் ஒரு பட்டறையில் கார்களுக்குச் சாயம் அடிக்கிறான். கேட்டால் ஆர்ட்டிஸ்ட் என்பான். புந்தோங்கில் அவன் வீட்டுக் கதவில், மோட்டார் சைக்கிளில், தலைக்கவசத்தில் எல்லாம் 'ஆர்ட்டிஸ்ட் தனேஸ்' என்று எழுதியிருக்கும். தீபாவளிக்குப் பேரங்காடியில் பெண்கள் வண்ண அரிசிக் கோலம் போட்டால், பக்கத்தில் போய் நின்று, "இதெல்லாம் கலரிங்லா" என்று அவர்கள் காதில் விழும்படி சொல்வான்.

பீடோருக்கு உள்ளே ஒரு ரப்பர் தோட்டத்தில், ஒரே தொழிலாளர் லயத்தில் பிறந்து வளர்ந்தவர்கள் நாங்கள். சின்ன வயதில் அடுப்புக்கரியை எடுத்து லயத்துச் சுவரெல்லாம் படம் போடுவான். அவன் அப்பா சின்னையா அதற்காகப் பிரம்பால் விளாசுவார். இதைக் கேட்பவர்களுக்கு அவன்மேல் இரக்கம் வருகிறது. எனக்கு வராது. அவன் வரைந்ததில் ஒன்று என் அப்பா, பன்றி மூக்கோடு. மூக்கு அப்படி இருந்தும் அது அப்பாதான் என்று பார்த்த எல்லோருக்கும் தெரிந்தது. அதுதான் இன்னும் எரிச்சல்.

தோட்டம் விற்றுப்போனது. கித்தா என்கிற ரப்பர் மரம் நின்ற இடத்தில் எண்ணெய்க்கான செம்பனை வந்தது. சனமெல்லாம் ஈப்போவுக்குக் குடிபெயர்ந்தது. காவல்சாமி முனியாண்டி மட்டும் மண்சாலை ஓரம் அரிவாளோடு, மழையிலும் வெயிலிலும் நின்றார். பக்கத்தில் படையல் போட ஒரு சின்ன மண்டபம். திருவிழாவுக்கு எங்கிருந்தாலும் எல்லோரும் போய்விடுவோம். சில ஆண்டுகளுக்கு முன் சிலைக்குச் சாயம் அடிக்க ஆள் தேடியபோது தனேஸ்வரன் முந்திக்கொண்டான். பட்டறையில் மிஞ்சிய கார்ச் சாயத்தைக் கொண்டுவந்து அடித்தான். மேலே, காருக்குப் பளபளப்புத் தருகிற கிளியரையும் அடித்தான்.

கண் வரைந்த அன்று ஏணியைப் பிடித்தவன் நான். மோட்டார் சைக்கிளின் கண்ணாடியைக் கழற்றி இடது கையில் வைத்துக்கொண்டு, தன் கண்ணைப் பார்த்துப் பார்த்து முனியாண்டிக்குப் போட்டான். அன்றோடு எனக்குச் சாமி போயிற்று. என் அக்காளை வாய்க்கு வந்தபடி பேசுகிறவனின் கண்ணுக்கு முன்னால் நான் எப்படிக் கை கூப்புவேன்?

அக்காள் கூப்பினாள். திருவிழா இல்லாத நாளிலும் போக ஆரம்பித்தாள். வீட்டில் அவன் செய்ததையெல்லாம் சிலையின் காலடியில் நின்று வாய்விட்டுச் சொல்வாள். அவன் சாலையில் காரில் உட்கார்ந்து சிகரெட் பிடித்துக்கொண்டிருப்பான். எனக்குப் பொறுக்கவில்லை.

"அது மச்சானோட கண்ணு, அக்கா" என்றேன்.

"தெரியும்லா. இது நான் சொல்றதக் கேக்குது."

சண்டை கண்ணால் வரவில்லை, காலால் வந்தது. முனியாண்டியின் கால் கட்டைவிரல் ஓரமாகத் தன் பெயரை எழுதியிருந்தான். கோயில் தலைவர் தர்மேந்திரன் கொதித்துப்போனார்.

"சாமி காலுல பேரு எழுத நீ யாரு? கலைக்குச் சாஸ்திரம் இருக்கு. அதுக்குன்னு படிச்சவன் செய்யணும். நீ காடிக்குச் சாயம் அடிக்கிறவன்."

"மண்டபத்துக் காத்தாடியில ஒரு பேரு, டியூப் லைட்டுல ஒரு பேரு, குப்பைத்தொட்டியில உங்கப்பா பேருல உபயம்" என்றான் தனேஸ்வரன். "சாமிக்கு மூஞ்சி கொடுத்தவன் பேரு மட்டும் ஆவாதா?"

சொன்னது சரி. சொன்ன வாய்தான் சரியில்லை. அதோடு நிறுத்தாமல் தர்மேந்திரனின் சட்டையைப் பிடித்துவிட்டான். இனிமேல் கோயில் வேலையில் அவன் கை படக்கூடாது என்று நிர்வாகம் முடிவு செய்தது.

குடமுழுக்கு வந்தது. தமிழ்நாட்டிலிருந்து சிற்பி வந்தார். பழைய சாயத்தைத் தேய்த்து எடுத்துவிட்டுத்தான் பூச வேண்டும் என்று அவர் சொன்னார். தேதி குறித்தாயிற்று, மேலேயே பூசுங்கள் என்றார் தர்மேந்திரன். கன்னத்தில் ரோஜா நிறம், உதட்டில் சிரிப்பு என்று புது முனியாண்டி வந்தார். காலில் இருந்த பெயரும் மூடிப்போனது. நான் பல ஆண்டுகளுக்குப் பிறகு நிம்மதியாகக் கும்பிட்டேன். அக்காள் புதுக் கண்ணை அண்ணாந்து பார்த்துவிட்டுக் காருக்குத் திரும்பினாள். பிறகு போவதையே விட்டுவிட்டாள்.

தனேஸ்வரன் சிரித்தான். "கிளியர் மேல எதுவும் ஒட்டாது. பாத்துக்கிட்டே இரு."

மழைக்காலம் முடிவதற்குள் உரிய ஆரம்பித்தது. முதலில் கன்னம் பொரிந்தது. பிறகு ரோஜா நிறத்துக்கு உள்ளேயிருந்து ஒரு கண் வெளியே வந்தது. எங்கே நின்றாலும் நம்மையே பார்க்கிற அந்தப் பழைய கண். படம் எடுக்க எங்கெங்கிருந்தோ ஆட்கள் வந்தார்கள். நிர்வாகத்துக்கு மானம் போனது.

தர்மேந்திரன் வேறு வழியில்லாமல் தனேஸ்வரன் வீட்டுக்கே வந்தார். நானும் அங்கே இருந்தேன்.

"எல்லாத்தையும் தேச்சுட்டுப் புதுசா அடிச்சுக் குடு, தனேசு. காலுல உன் பேரு இருக்கட்டும். யாரும் கேக்க மாட்டாங்க."

இத்தனை ஆண்டுகள் இதற்காகத்தான் ஊரையே பகைத்துக்கொண்டான். அவன் முகம் மலர்ந்ததை நான் பார்த்தேன். அந்த நேரத்தில் அக்காள் கோப்பி கொண்டுவந்தாள்.

"ஆறிப்போனத ஆர்ட்டிஸ்டுக்குக் குடுக்குற" என்று கோப்பையைத் தட்டிவிட்டான். வந்தவர் தரையைப் பார்த்தார். அக்காள் துணி எடுத்துவரப் போனாள். அவன் நெஞ்சில் மிதிக்க வேண்டும் போல எனக்கு இருந்தது.

மறுநாள் அவன், அக்காள், நான் மூவரும் தோட்டத்துக்குப் போனோம். அக்காளை நான்தான் வற்புறுத்திக் கூட்டிப்போனேன். அவன் உப்புத்தாளும் சாயத் துப்பாக்கியுமாக ஏணியில் ஏறினான். நான் பிடித்துக்கொண்டேன். நெற்றியிலிருந்து தேய்த்துக்கொண்டு வந்தவன் கண்ணருகில் நின்றுவிட்டான். மோட்டார் சைக்கிள் கண்ணாடியை எடுத்துத் தன்னைப் பார்த்தான். முனியாண்டியைப் பார்த்தான். மறுபடியும் கண்ணாடியைப் பார்த்தான்.

"வராதுடா."

"என்னா வராது?"

"இதத் தேச்சுட்டா திரும்ப எனக்குப் போட வராது. அன்னைக்கு இருந்த கண்ணு இப்ப என்கிட்ட இல்ல."

முழுசாகப் புதிதாக அடித்தால்தான் பெயர் என்று தர்மேந்திரன் சொன்னது அவனுக்குத் தெரியும். உப்புத்தாளைக் கீழே போட்டான். இன்னொரு கண்ணை மூடியிருந்த சாயத்தை நகத்தால் உரிக்க ஆரம்பித்தான். பழைய சாயத்தில் ஒரு கீறலும் விழாமல் துணுக்குத் துணுக்காக உரித்தான். நகக்கண்ணில் இரத்தம் கசிந்தது. இரண்டாவது கண்ணும் வெளியே வந்தது.

மண்டபத்தில் உட்கார்ந்திருந்த அக்காள் எழுந்து வந்தாள். அவன் பெயர் புதைந்துகிடந்த அந்தக் காலருகில் நின்றாள். இறங்கிப் பெயரைச் சுரண்டி வெளியே எடுக்க வேண்டுமென்றால் அவளைத் தாண்டித்தான் அவன் வர வேண்டும். அவள் அண்ணாந்து முனியாண்டியின் கண்ணைப் பார்த்துப் பேச ஆரம்பித்தாள்.

"நேத்து வீட்டுக்கு வந்தவங்க முன்னால கோப்பியத் தட்டி விட்டாரு. அந்தக் கோப்பி ஆறல. எனக்கு அங்கயே செத்துப் போலாம்னு இருந்துச்சு. நீதான் பாத்துக்கணும்."

ஏணியில் இருந்தவனை அவள் ஒரு முறைகூடப் பார்க்கவில்லை. அவன் திரும்பவில்லை. சாமியின் முகத்துக்கு நேராக முகத்தை வைத்தபடி அப்படியே நின்றான். காதைப் பொத்தக்கூட அவனுக்குக் கை இல்லை, இரண்டு கையாலும் ஏணியைப் பிடித்திருந்தான். அவள் நேற்றோடு நிறுத்தவில்லை. அந்தக் கண் சாயத்துக்குள் மூடிக் கிடந்த காலத்தில் நடந்ததையெல்லாம் ஒவ்வொன்றாகச் சொன்னாள்.

ஏணி நடுங்கியது. அவனை ஆர்ட்டிஸ்ட் என்று என் வாயால் சொல்ல மாட்டேன். விட்டுவிட்டால் விழுந்திருப்பான். விடாமல் இறுக்கிப் பிடித்துக்கொண்டிருந்த என் கைகளின் மேல்தான் எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது.