மாட வீதியில் சரசு

ஸ்டெல்லா போய்விட்டாள். இன்று காலை சாந்தோமிலிருந்து அவள் பேரன் போன் செய்தான்... தூக்கத்திலேயே போயிருக்கிறாள்.

என்னைவிட ஒரு வயது மூத்தவள். என்னோடு வேலை செய்தவர்களில் மிச்சம் இருந்தது அவள் ஒருத்திதான்.

யுத்தம் நடந்துகொண்டிருந்த வருஷங்கள். மயிலாப்பூரில் லஸ் பக்கம் ஒரு சின்ன கம்பெனி. முகத்துக்கு ஸ்னோ, பவுடர், கூந்தல் தைலம், பல்பொடி. கடைகளில் ஆர்டர் எடுக்க ஆம்பளைகள் போவார்கள். வீட்டுக்குள் போய்ப் பெண்களிடம் விற்க ஸ்டெல்லாவும் நானும்.

சரக்கு வாங்கப் புதுப் புது வீடாகப் பிடிப்பதுதான் வேலையே. பிடித்த வீடு கைவிட்டுப் போனால் மேனேஜர் முகத்தில் விழிக்க முடியாது.

அவளுக்குக் கோயிலைச் சுற்றி மாட வீதி லைன். எனக்கு தியாகராய நகர் லைன்... புதுப் புது பங்களாக்கள். கேட்டைத் திறந்தால் நாய், நாயைத் தாண்டினால் தோட்டக்காரன். "அம்மா தூங்கறாங்க, போ போ." அதே வெயிலில் திரும்பி நடக்க வேண்டும்.

நான் மயிலாப்பூரிலேயே பிறந்தவள். அந்த லைன் எனக்குத்தான் வரவேண்டும் என்று உள்ளுக்குள் எரிந்துகொண்டே இருந்தேன். மறைக்க என்ன இருக்கிறது.

ஸ்டெல்லா மீன் விற்கிற வீட்டுப் பெண். மாட வீதிக்காரர்கள் அந்தப் பெயரைக் கேட்டால் உள்ளே விடுவார்களா? மேனேஜரே வேறு பெயர் வைத்தார்... சரசு. லஸ் மூலையில் நின்று பொட்டு வைத்துக்கொள்வாள். சாயங்காலம் வீட்டுக்குப் போகும் முன் அழித்துவிடுவாள்.

"மீனு வாசன தெரிய கூடாதுன்னு கம்பெனி பவுடர்ல பாதிய நானே பூசிக்கினு கீறேன்" என்று சிரிப்பாள்.

கெட்டிக்காரி. அதையும் சொல்லத்தான் வேண்டும். மாமிகளின் இடது கையில் மட்டும் ஸ்னோவைத் தடவுவாள், வலது கையை விட்டுவிடுவாள். "ரெண்டு கையையும் வெளிச்சத்துல வச்சுப் பாருங்க மாமி." அப்புறம் இரண்டு கையும் ஒரே நிறமாக வேண்டுமே... பாட்டில் விற்றுவிடும்.

ஒரு நாள் அவள் பையில் சரக்கு தீர்ந்துவிட்டது. மேனேஜர் நாலு பவுடர் டப்பாவைக் கொடுத்து என்னை அனுப்பினார். தெற்கு மாட வீதியில் ஒரு வீடு. வாசலிலிருந்து பார்த்தேன். கூடத்து ஊஞ்சல் பக்கத்தில் உட்கார்ந்து ஒரு மாமியின் கையைப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

அன்று காலைதான் ஒரு பங்களாவில் என்னைத் துரத்தியிருந்தார்கள்.

"ஏ ஸ்டெல்லா, இந்தா டப்பா!"

மாமி கையை இழுத்துக்கொண்டாள். "ஸ்டெல்லாவா? சரசுன்னு சொல்லிண்டு இத்தனை நாளா ஆத்துக்குள்ள வந்தியேடி, பாவி!"

"பேருதான் மாமி பொய். ஸ்னோ நெஜம்."

மாமி எங்கே கேட்டாள்... கிணற்றடிக்கு ஓடினாள். வாளி இறங்குகிற சத்தம் வாசல்வரை கேட்டது. சாயங்காலத்துக்குள் நாலு வீதிக்கும் சேதி போய்விட்டது.

மறுநாள் மேனேஜர் ஸ்டெல்லாவைக் கேட்டார், "எப்படிம்மா அவங்களுக்குத் தெரிஞ்சுது?" நான் பக்கத்திலேயே நிற்கிறேன். என்னை வெளியே அனுப்பினால் வீட்டில் அடுப்பு எரியாது.

"என் வாய்லியே வந்துட்ச்சு சார்" என்றாள்.

மாட வீதி என் கைக்கு வந்தது. அவளுக்கு அடையாறு. அப்போது அங்கே தோட்டமும் தோப்பும்தான்... ஒரு வீட்டிலிருந்து அடுத்த வீட்டுக்குப் போவதற்குள் கால் ஓய்ந்துவிடும்.

தெருவுக்கு வந்ததும் கேட்டேன். "ஏன்டி என்னைக் காட்டிக் குடுக்கல?"

"குடுத்தா இன்னா? உன்க்கும் பூடும், என்க்கும் வராது. நட, பஸ்சு வந்துகினு கீது."

என் முடியைப் பிடித்து இழுத்திருக்கலாம். நடுத்தெருவில் திட்டியிருக்கலாம். ஒன்றும் செய்யவில்லை பாருங்கள்... அதைத்தான் என்னால் இன்றுவரை மன்னிக்க முடியவில்லை.

மாட வீதியில் என்னிடம் முதலில் என் பெயரைக் கேட்டார்கள். பிறகு அப்பா பெயர். அப்புறம்தான் ஸ்னோ. பாதி வீடுகள் கதவே திறக்கவில்லை.

அதற்குப் பிறகு எத்தனை கல்யாணம், எத்தனை சாவு... பார்த்துக்கொண்டேதான் இருந்தோம். வாய் தவறிக் கூப்பிட்டாயா என்று ஒரு தரம்கூட அவள் கேட்டதில்லை.

தவறவில்லை ஸ்டெல்லா. தெரிந்துதான் கூப்பிட்டேன்.

நாளைக் காலை அடக்கமாம். எனக்குப் படி இறங்க முடியாது, என் பேத்தியை அனுப்புகிறேன். அசதியாக இருக்கிறது...

நீ முன்னால் போ.