கீறல் விழாத ஃபெண்டர்

அந்தக் காரை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு வயிறு எரிகிறது. கருநீலக் காண்டஸா, நீள மூக்கு. அப்பா போனபிறகு அது அண்ணா கைக்கு வந்தது, அண்ணாவுக்குத் தலைகால் புரியவில்லை. வெளிநாட்டுப் பத்திரிகை ஒன்றில் பின்பக்கம் மட்டும் தடித்த டயர் போட்ட கார்களைப் பார்த்துவிட்டு, தன் வண்டியும் அப்படிப் புடைத்துக்கொண்டு நிற்கவேண்டும் என்று ஆசைப்பட்டான். தொண்ணூறுகளின் மயிலாப்பூரில், மாடவீதியில் மாட்டுக்கு வழிவிட்டு ஊர்கிற வண்டிக்கு எதற்கு ஐயா அகல டயர்? தொடப்பக்கட்டைக்குப் பட்டுக்குஞ்சம்!

சிந்தாதிரிப்பேட்டையில் ஒரு கடையில் மாட்டிக்கொண்டு வந்தான். பழைய சக்கரங்களை அங்கேயே தள்ளிவிட்டான். சக்கரத்துக்கு மேலே வளைந்து வருகிற தகட்டை ஃபெண்டர் என்பான். அதற்கும் டயருக்கும் நடுவில் விரலை விட்டுப் போவோர் வருவோருக்கெல்லாம் காட்டினான். "பார்த்தேளா, தொடவே தொடாது!" அவன் அளந்தபோது வண்டி காலி. பின்சீட்டில் ஒரு ஜீவன் உட்காரும் என்ற நினைப்பே அவனுக்கு வரவில்லை. அவன் எப்போதும் ஸ்டியரிங் பிடிக்கிறவன். பின்னால் உட்கார்கிறவர்கள் நாங்கள்.

அந்தச் சமயத்தில்தான் அம்மாவுக்கு அடையாறு கேன்சர் ஆஸ்பத்திரியில் கரண்ட் வைக்க ஆரம்பித்தார்கள். ஆபரேஷன் ஆன வயிறு, ஆட்டோவின் குலுக்கல் தாங்காது. பின்சீட்டில் காலை நீட்டி, என் மடியில் தலைவைத்துப் படுத்துக்கொண்டால்தான் போய்வர முடியும். நான் முன்னால் உட்கார்ந்தால் அம்மாவைப் பிடித்துக்கொள்ள ஆளில்லை.

முதல் நாள், மந்தைவெளி தாண்டி ஒரு வேகத்தடை. வண்டி ஏறி இறங்கியதும் பின்னாலிருந்து கர்ரென்று ஒரு சத்தம், ரப்பர் தீய்கிற நாற்றம். அம்மா வயிற்றைப் பிடித்துக்கொண்டாள். அண்ணா வண்டியை நிறுத்திவிட்டுப் பின்னால் ஓடினான். குனிந்து ஃபெண்டரைத் தடவித் தடவிப் பார்த்தான். அம்மாவிடம் வலிக்கிறதா என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை.

வழியில் ஒரு டிங்கர் கடையில் காட்டினோம். கடைக்காரர் கையை உள்ளே விட்டுப் பார்த்தார்.

"பின்னால ஆள் குந்துனா ஸ்பிரிங் அமுங்குது சார். ஃபெண்டருக்கு உள்பக்கம் உதடு மாதிரி கீது பாரு, அத்த சூடு காட்டி மேல மடிச்சுட்டா டயர் தொடாது. பெயிண்ட்டு லேசா வெடிக்கும், டச்சப் பண்ணிக்கலாம்."

பெயிண்ட் வெடிக்கும் என்றதும் அண்ணாவின் முகம் சுண்டிவிட்டது. "அதெல்லாம் வேண்டாம், ஒரிஜினல் பெயிண்ட்" என்று வண்டியைக் கிளப்பிவிட்டான். அதற்குப் பதிலாக அவன் கண்டுபிடித்த வைத்தியத்தைக் கேளுங்கள்.

"ஸ்பீட் பிரேக்கர் வரச்சே நீ மட்டும் எறங்கிக்கோயேன். நான் மெதுவா ஏத்தி எறக்கிடறேன். அப்பறம் ஏறிக்கோ."

இறங்கினேன். அம்மாவின் தலைக்குக் கீழே தலையணையைச் செருகிவிட்டு இறங்குவேன், மேட்டைத் தாண்டி நடப்பேன், மறுபடி ஏறுவேன். ஒவ்வொரு வேகத்தடைக்கும் இதே கூத்து. இளநீர்க்காரர் ஒருவர், "இன்னாமா, டெய்லி வண்டி மக்கர் பண்ணுதா?" என்று அக்கறையாகக் கேட்பார். வண்டி நன்றாகத்தான் ஓடியது, ஓட்டுகிறவன்தான் மக்கர். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். அம்மா முகத்தைப் பார்த்துவிட்டு மறுபடி ஏறிக்கொள்வேன்.

அடையாற்றுப் பாலத்துக்கு முன்னால் ஒரு பள்ளிக்கூடம். ஒருநாள் பார்த்தால் அதன் வாசலில் புதிதாக ஒரு மேடு போட்டிருந்தார்கள், நல்ல உயரம். அதற்கு முந்தைய மேட்டில் நான் இறங்கியும் டயர் உரசியிருந்தது. அண்ணா தன் தோலே உரிந்த மாதிரி "ஐயோ" என்று கத்தியிருந்தான். இங்கே வண்டி நின்றது. நான் இறங்கி நாலடி வைத்திருப்பேன். பின்னால் கதவு திறக்கிற சத்தம் கேட்டது. திரும்பினால் அம்மா ரோட்டில் நிற்கிறாள். ஒரு கை வயிற்றில், இன்னொரு கை கதவில். புடவைத் தலைப்பு தரையில் புரள்கிறது.

"நீ எதுக்கும்மா எறங்கினே?"

"நானும் எறங்கிண்டா உரசாது இல்லியோ?"

அண்ணா என்ன செய்தான் தெரியுமா? வண்டியை முதலில் மேட்டைத் தாண்டி நிறுத்திவிட்டு, அதற்கப்புறம் இறங்கி வந்தான். நடு ரோட்டில் நான் கத்தினேன். "நீ மனுஷனா? பெத்தவளை ரோட்ல நடக்கவிட்டுட்டுத் தகரத்தைக் காப்பாத்தறியே!" பள்ளிக்கூட வாசலில் நின்றவர்கள் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள், பார்க்கட்டும். அம்மாதான் என் கையைப் பிடித்து இழுத்தாள். "கத்தாதேடி. அவன் ஆசையாப் போட்டுண்டிருக்கான்."

அந்த ஒரு சொல்லை என்னால் இன்றுவரை விழுங்க முடியவில்லை. அவன் ஆசைக்கு இருந்த இடம் அவள் வலிக்கு அந்த வண்டியில் இல்லை. அதை அவளே ஒப்புக்கொண்டும்விட்டாள்.

மறுநாளிலிருந்து வாடகை அம்பாசிடர் வைத்து நானே அழைத்துப்போனேன். அண்ணா முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டான், வீட்டில் கார் இருக்கும்போது டாக்ஸி எதற்கென்று. அந்த வருஷம் முடிவதற்குள் அம்மா போய்விட்டாள். எல்லோரையும்விட அதிகமாக அழுதவன் அவன்தான். நிஜமான அழுகைதான். அதனால் என் கோபம் ஒரு பொட்டுக்கூடக் குறையவில்லை.

பிறகு அவனுக்குப் புது வண்டி ஆசை வந்தது. காண்டஸாவை வாங்க தி.நகரிலிருந்து ஒருவர் வந்தார். வந்தவருக்குக் காபி எடுத்துக்கொண்டு நான் வாசலுக்குப் போனேன். அவர் பின்சக்கரத்துக்கு மேலே கையை ஓட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இவ்ளோ அகல டயர் போட்டும் ஃபெண்டர்ல ஒரு கீறல்கூட இல்லையே சார்!"

அண்ணாவுக்குப் பெருமை தாங்கவில்லை. "ஓட்டற விதத்துல இருக்கு சார். அவ்ளோ பத்திரமா வெச்சிண்டிருந்தேன்."

டம்ளரை அவர் கையில் கொடுத்தேன்.

"ஆமா சார்," என்றேன். "மேடு வந்தா எங்கம்மாவை எறக்கி நடக்கவிட்டு ஓட்டின வண்டி."